ஒன்பதாம் அத்தியாயம் ஓடவில்லை

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. என் வீட்டுக்காரரும் மகளும் நலம். நான் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் உன் புத்தகம்.

போன வாரம் எங்கள் மருத்துவமனையின் புதுக் கண்காணிப்பாளர் அம்மா ஒரு கட்டுக் காகிதத்தை என் மேஜையில் வைத்தார். "டேட்டாபேஸ் பத்தி நம்ம ஆளுங்களுக்குச் சொல்லித்தர இது சரிப்படுமா பாருங்க. சரிப்பட்டா எழுதினவங்களையே வரவழைச்சு நிரந்தரமா வச்சுக்கலாம்" என்றார். மேல் தாளில் உன் பெயர். பத்து வருடம் கழித்து உன் பெயரை அப்படிப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. குடிக்க எடுத்த தண்ணீரைக் கீபோர்டில் கொட்டிவிட்டேன். நான் இன்னும் அதே அவசரக்குடுக்கைதான்.

கண்காணிப்பாளர் அம்மாவுக்கு நம் பழைய கதை தெரியாது. ஆனால் துணைக் கண்காணிப்பாளர் பழைய ஆள், உனக்கே தெரியும். "ரத்த வங்கியையே கவுத்துப் போட்டவங்களையா திரும்ப உள்ள விடப்போறீங்க?" என்று என் முன்னாலேயே கேட்டார். அந்த அம்மா அசரவில்லை. அதை நீயே ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒளிக்காமல் எழுதியிருப்பதாகவும், முதலில் புத்தகம் தேறட்டும் என்றும் சொன்னார். அதற்குத் துணைக் கண்காணிப்பாளர் ஒரு நிபந்தனை போட்டார். புத்தகத்தில் உள்ள உதாரணக் கட்டளைகளில் ஒன்றுகூட கம்ப்யூட்டரில் ஓடாமல் இருக்கக் கூடாது, ஒன்று ஓடாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்த அம்மாவும் சரி என்றுவிட்டார். பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். வியாழக்கிழமைக்குள் அறிக்கை தர வேண்டும்.

நீ எனக்குக் கற்றுத்தந்த முறையிலேயே படித்தேன். எதுவும் ஏற்றாத வெறும் கம்ப்யூட்டர். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியும் கையால் தட்டினேன், ஒன்றையும் வெட்டி ஒட்டவில்லை. மொத்தம் எண்பத்தாறு உதாரணங்கள். நல்ல புத்தகம் எழுதியிருக்கிறாய். மருந்துக் கிடங்கின் அலமாரியை வைத்து இன்டெக்ஸை விளக்கிய இடத்தில், பதினைந்து வருடமாக இதே வேலை பார்க்கும் எனக்கே ஒன்று புதிதாகப் புரிந்தது. ஆறாம் அத்தியாயத்தில் மட்டும் ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்கிறாய். உன் வகுப்பில் கடைசி பெஞ்சு தூங்கியிருக்கும் போல.

எண்பத்தைந்து ஓடின. ஒன்று ஓடவில்லை. ஒன்பதாம் அத்தியாயம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

அதில் நீ எழுதியிருப்பது இது: "நான் ஒரே ஒரு கொடையாளரின் ரத்தப் பிரிவைத் திருத்தப் போனேன். யாருடையது என்று சொல்லும் இரண்டாம் வரியை எழுத மறந்து, கட்டளையை இயக்கிவிட்டேன். பதினோராயிரம் பேருக்கும் பி பாசிட்டிவ் என்று மாறிவிட்டது." நீ எழுதியபடியே தட்டினேன். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. மூன்று முறை தட்டினேன், மூன்று முறையும் மறுத்தது. அப்புறம்தான் உறைத்தது. இரண்டாம் அத்தியாயத்தில் நீதானே, யாருடையது என்று சொல்லாத மாற்றத்தை ஏற்காதபடி ஒரு பாதுகாப்பைப் போட்டு வைக்கச் சொல்கிறாய்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து இன்றுவரை நீ அதை அணைத்ததே இல்லை என்று பெருமை வேறு.

அணைக்காதவள் கம்ப்யூட்டரில் அந்தத் தவறு எப்படி நடக்கும்? பொய் சொல்லக்கூட ஒழுங்காகத் தெரியாதா உனக்கு?

இதற்குமேல் இந்தக் கடிதத்தில் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும் என்று உடனே எழுது.

உன்
அவசரக்குடுக்கை


வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

உன் பதில் நேற்று வந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு வரும் கடிதம், இரண்டே வரி. "உதாரணத்துக்கு முன்னால் பாதுகாப்பை அணைக்கும் வரி ஒன்றைச் சேர்த்துக்கொள், ஓடும். சரி என்று போட்டு அனுப்பு, மகளைக் கேட்டதாகச் சொல்." நலமா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. கோபமா, பாசமா என்று தெரியாமல் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நீ சொன்ன வரியைச் சேர்த்தேன். ஓடியது. திரை முழுக்க பி பாசிட்டிவ், பி பாசிட்டிவ் என்று வரிசையாக வந்தது. விளையாட்டுக்கு ஏற்றிய பெயர்கள்தான் என்று தெரிந்தும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சரி என்று போட்டிருக்கலாம். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்தான். எண்பத்தாறும் ஓடின என்று டிக் அடித்தால் உனக்கு வேலை, எனக்கு நிம்மதி, யாருக்கும் நட்டமில்லை. பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனால் அது நட்டமில்லாத பொய் இல்லை. உனக்கே தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் இரண்டாம் வரியை எழுத மறக்கவில்லை.

இரண்டு வரியும் எழுதியிருந்தேன். மவுஸால் பிடித்த வரி மட்டும்தான் இயங்கும்; நான் முதல் வரியை மட்டும் பிடித்து இயக்கிவிட்டேன். இரண்டாவது வரி திரையில் கண்ணெதிரே அப்படியே இருந்தது. பாதுகாப்பு இருந்திருந்தால் நின்றிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அது குறுக்கே வந்து நிற்கிறதே என்று அதற்கு முந்தைய வாரம்தான் எரிச்சலில் அணைத்திருந்தேன்.

நீ மவுஸைத் தொடவே மாட்டாய், அதனால் உனக்கு இது தோன்றவில்லை. ஆனால் இங்கே இருக்கும் நாற்பது பேரும் மவுஸால் பிடித்துத்தான் இயக்குகிறார்கள். உன் புத்தகத்தைப் படித்துவிட்டு, "இரண்டாம் வரியை மறக்கக் கூடாது, அவ்வளவுதானே" என்று மூடி வைத்துவிடுவார்கள். எழுதிய வரி கண்ணெதிரே இருந்தும் ஆபத்து வரும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அன்று ரத்தம் ஏற்றுவதற்கு முன் வார்டு நர்ஸ் ஒருத்தி இன்னொரு தடவை சோதித்துப் பார்த்ததால் தப்பித்தோம். தப்பான லேபிளோடு இரண்டு பைகள் வார்டுக்கே போய்விட்டன.

அன்று நீ ஓடிவந்தது நினைவிருக்கிறது. என்னை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டு நீ உட்கார்ந்து, பழைய தகவல் இருந்த பேக்கப்பை ஏற்ற ஆரம்பித்தாய். அதிகாரிகள் வந்தபோது என் நாற்காலியில் நீ இருந்தாய். யார் செய்தது என்று கேட்டதும், "நான்தான் சார்" என்றாய், திரும்பிக்கூடப் பார்க்காமல். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாழ்வாரத்தில் வைத்து, "ஏழு மாசம் உனக்கு. வீட்டுக்காரர் கால்ல கட்டோட படுத்திருக்காரு. நான் தனிக்கட்டை, எங்கயாவது பொழச்சுக்குவேன். வாயைத் திறந்த, அவ்வளவுதான்" என்றாய். நான் திறக்கவில்லை. உனக்குப் பயந்து என்று பத்து வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வேலை போய்விடுமே என்றுதான் பயந்தேன்.

உன்னை வேலையை விட்டு நீக்கினார்கள். அதன் பிறகு எந்த மருத்துவமனையும் உன்னைச் சேர்க்கவில்லை. நீ மாலை வகுப்பு எடுத்து வயிற்றைக் கழுவினாய். நான் உன் இடத்திலேயே தலைவியானேன். உன் மேஜை, உன் ஜன்னல். உனக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு முகம் இல்லை.

நேற்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சொல்லிடு. பத்து வருஷமா தூக்கத்துல பல்லைக் கடிக்கிற. பக்கத்துல படுக்கிறவனுக்குத்தானே தெரியும்" என்றார். என் மகள், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டாள். "உனக்கு அத்தை ஒருத்தி இருக்கா" என்றேன்.

அதனால் இன்று மதியம் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். ஓடாதது எது என்ற இடத்தில் "ஒன்று, பக்கம் 212" என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், "இந்தத் தவறை நூலாசிரியர் செய்யவில்லை. செய்தவள் நான். அதனால்தான் அவர் எழுதிய விதத்தில் அது ஓடவில்லை" என்று எழுதி, நடந்ததை முழுசாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு பக்கத்தைத் திருத்தினால் இதைவிடச் சிறந்த பயிற்சிப் புத்தகம் கிடைக்காது என்றும் எழுதியிருக்கிறேன். அது உனக்காகச் சொன்னதில்லை, தட்டிப் பார்த்துச் சொன்னது. பிரதி இதோடு இருக்கிறது.

நான்கு மணிக்குக் கண்காணிப்பாளர்கள் இருவரும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். துணைக் கண்காணிப்பாளர் சற்றுமுன் என் அறைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேஜை இழுப்பறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாகப் போவதைப் பொறுத்துக்கொள். உன்னைக் கூப்பிடுவார்களா, என்னை அனுப்புவார்களா, ஒன்றும் தெரியாது. அவர்கள் கூப்பிட்டால் வீம்பு பிடிக்காமல் வா. என் ஜன்னலின் கீழ்த்தாழ்ப்பாள் இறுகிவிட்டது, தூக்கித் தள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம், மதிப்பீடு செய்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். 212-ஆம் பக்கத்தில் 'நான்' என்று இருப்பதை எடுத்துவிடு. அந்த இடத்தில் 'என்னோடு வேலை பார்த்த ஒருத்தி' என்று போட்டால் போதும், சரியாக இருக்கும். 'என் தோழி' என்று போட மனம் வந்தால் அப்படிப் போடு. எதைப் போட்டாய் என்று எனக்கு எழுத வேண்டாம். புத்தகம் வந்ததும் நானே அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அவசரக்குடுக்கை