மாதா இல்லாத வளைவு

மரியே வாழ்க

சான் இசித்ரோ,
புதன்கிழமை

அன்பு மகள் எடில்மாவுக்கு அம்மா எழுதுவது. இதை எழுதும் இந்த நிமிடம்வரை நானும் உன் அப்பாவும் மாடும் நாயும் சுகமாக இருக்கிறோம், அங்கே வலென்சியாவில் நீயும் சுகமாக இருக்க கார்மேல் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நான் தனியாகப் பேசினால் என்ன ரகசியம் என்று பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வார், அதனால்தான். உன் ஞானத்தகப்பன் சிக்ஸ்தோவின் அண்ணன் மகள் யெனி நாளை விமானம் ஏறுகிறாள், சனிக்கிழமை காலைக்குள் இதை உன் கையில் சேர்ப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். கொய்யா அல்வாவும் கொடுத்து விட்டிருக்கிறேன், வாழை இலையில் சுற்றியிருக்கும். அல்வாவை அப்புறம் சாப்பிடலாம், கடிதத்தை முதலில் கடைசிவரை படி.

போன வாரம் நீ அப்பாவிடம் ஒன்று கேட்டாய். சைக்கிள் வாங்கி மூன்று மாதமாக மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது, டாக்டரும் ஓட்டச் சொல்கிறார், அலாரம் அடித்ததும் திரும்பிப் படுத்துவிடுகிறேன், நீங்கள் மட்டும் எப்படி இத்தனை வருஷமாக இருட்டோடு எழுந்து போகிறீர்கள் என்று கேட்டாய். அவரும் பெரிய வீரர் மாதிரி, "ராத்திரியே டிரஸ்ஸ எடுத்து வெச்சிரணும், டயர்ல காத்து பாத்து வெச்சிரணும், அலாரத்த கைக்கு எட்டாத எடத்துல வெக்கணும்" என்று அடுக்கினார். அத்தனையும் பொய். அவர் டிரஸ்ஸை அடுப்புப் பக்கத்தில் காயவைத்து மடித்து வைப்பவள் நான், அலாரம் என்று ஒன்று இந்த வீட்டில் கிடையாது. அவர் எழுந்ததற்குக் காரணம் சிக்ஸ்தோ. உனக்குத் தெரியாது, நீ அப்போதுதான் ஸ்பெயினுக்குப் போயிருந்தாய். அதே வருஷம் அப்பாவுக்குப் பஸ் வேலையும் போயிற்று. இரண்டு வருஷம் அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார், சவரம் கிடையாது, கேட்டால் பதில் கிடையாது, மாத்திரையைக்கூட நான் வாயில் போட வேண்டும். நீ போன் செய்யும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசுவார், வைத்ததும் மறுபடி சுவர். ஒருநாள் விடியுமுன்னே சிக்ஸ்தோ சைக்கிளோடு வந்து வாசலில் நின்று விசில் அடித்தார். அப்பா எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார். மலைக்குளிரில் காது சிவந்துபோய் நின்றுகொண்டு, "பிளினியோ, நீ வராட்டியும் நான் இங்கயேதான் நிப்பேன், செத்தா உன் வாசல்லதான் பொணம்" என்று கத்தினார். ஒருவன் நமக்காகக் குளிரில் நிற்கிறான் என்றால் எத்தனை நேரம் போர்வைக்குள் கிடக்க முடியும் மகளே. ஒரு வாரம் கழித்து உன் அப்பா எழுந்தார், அதுவும் திட்டிக்கொண்டேதான் எழுந்தார். ஆசை வந்து எழுந்தவர் இல்லை, வெட்கப்பட்டு எழுந்தவர், ஆசை எல்லாம் மலை ஏறின பிறகு வந்தது. நீயும் அங்கே உனக்காகத் தெருமுனையில் நிற்க ஒரு ஆளைப் பிடி, வேறு வழி ஒன்றும் எனக்குத் தெரியாது.

இனிமேல்தான் விஷயம். பருந்து வளைவு உனக்கு நினைவிருக்கும், பாறையைக் குடைந்து கார்மேல் மாதா கெபி இருக்குமே அந்த இடம். லாரிக்காரர்கள் மாதாவுக்குப் பிள்ளைகள், மேலேயிருந்து நிலக்கரி ஏற்றி இறங்குகிறவன் ஒவ்வொருவனும் கெபியைக் கண்டதும் இரண்டு தரம் ஹாரன் அடித்துச் சிலுவை போட்டுக்கொண்டுதான் திரும்புவான். நீ சின்ன வயதில் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே தூங்குவாய். லாரி அந்த வளைவில் அகலமாகத்தான் திரும்ப முடியும், ஏறுகிறவன் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். கீழே பனிமூட்டத்தில் ஏறுகிற சைக்கிள்காரர்கள் ஹாரன் கேட்டதும் பாறையோரம் ஒதுங்கிக் காலை ஊன்றி நிற்பார்கள், லாரி போனதும் மறுபடி மிதிப்பார்கள். அதற்காகத்தான் ஹாரன் என்று யாரும் நினைத்தது கிடையாது. மாதாவுக்கு வணக்கம், அவ்வளவுதான். இந்த வருஷம் திருவிழாவுக்குக் கெபியில் நிற்கும் மாதா சுரூபத்துக்குப் புதுவர்ணம் பூச வேண்டும் என்று சாமியாரும் லாரிச் சங்கமும் எங்கள் மாதா சபையும் கூடிப் பேசினோம். ஜெபமாலை சொல்லிக்கொண்டே மாதாவை இறக்கி, போர்வை சுற்றி துன்ஹா நகரத்துக்கு, சுரூபம் செய்கிறவரிடம் அனுப்பினோம். பட்டாசுகூட வெடித்தோம். எங்களில் ஒருவருக்கும், அந்த லாரிக்காரர்களுக்கும்கூட, ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலை நான் கறக்க மேல்காட்டுக்கு ஏறும்போது என்னமோ சரியில்லை என்று பட்டது, என்ன என்று தெரியவில்லை. மாடு கால் மாற்றிக்கொண்டே நின்றது. லாரிகள் இறங்கும் உறுமல் கேட்கிறது, ஆனால் மலை ஊமையாக இருந்தது. அந்த வாரம் பால்காரர் மோட்டார் சைக்கிளோடு ஓடையில் விழுந்தார், பிரேக் சரியில்லை என்றார்கள். அடுத்த வாரம் வளைவில் ஒரு கன்றுக்குட்டி அடிபட்டுக் கிடந்தது, பனி அதிகம் என்றார்கள். அதற்கடுத்து சிக்ஸ்தோ. லாரி மோதவில்லை, மோதாமல் இருக்க ஒதுங்கப் போய்ப் பள்ளத்தில் விழுந்தார், இடுப்பெலும்பு போயிற்று. உன் அப்பா ஒரு வளைவு பின்னால் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார், முன்னால் போயிருந்தால் அவர்தான். உன்னிடம் வழுக்கி விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னோம். ஆஸ்பத்திரியில் சிக்ஸ்தோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒப்துலியா, ஹாரனே கேக்கல. எனக்குத்தான் காது போச்சுன்னு நெனச்சேன்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. மாதா இல்லாத கெபிக்கு எவன் ஹாரன் அடிப்பான்.

சாப்பாட்டுக் கடையில் லாரிக்காரர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டேன், அப்பா காலையிலே போவாரே, தயவு செய்து ஹாரன் அடியுங்கள் என்று. எஃப்ராயின் என்று ஒருவன், பிரேக் பிடித்தால் பன்றி கத்துவது மாதிரி கத்துமே அந்த லாரிக்காரன், "ஆளே இல்லாத வீட்டு வாசல்ல எவன் வணக்கம் சொல்லுவான் அக்கா? மாதா வரட்டும், ரெண்டுக்கு நாலா அடிக்கிறோம்" என்றான், எல்லாரும் சிரித்தார்கள். சாமியார் கெபியில் ஒரு மாதா படத்தை வைத்துப் பார்த்தார், பனியில் அது யார் கண்ணுக்குத் தெரியும். சரி, சிக்ஸ்தோ இல்லையே, இனி வாசலில் நிற்க ஆளில்லை, இவரும் போகமாட்டார் என்று பாவி மனசு கொஞ்சம் நிம்மதிப்பட்டது. அந்த சிக்ஸ்தோ என்ன செய்தார் தெரியுமா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே விடியுமுன் போனை ஒரு தரம் அடிக்கவிட்டுக் கட் பண்ணுகிறார். இவரும் துள்ளி எழுந்துவிடுகிறார். போகாதீர்கள் என்றால், "அவன் அங்க படுத்துக்கிட்டு காத்துக்கிட்டிருக்கான் ஒப்துலியா, மலை எப்படி இருந்துச்சுன்னு போய்ச் சொல்லணும். நானும் படுத்துட்டா எந்திரிக்க மாட்டேன், அது உனக்கே தெரியும்" என்கிறார். தெரியும். அதனால்தான் என்னால் ஒரு அளவுக்கு மேல் தடுக்க முடியவில்லை. அந்தச் சுவர்ப் பக்கம் இன்னொரு தரம் அவர் திரும்பிப் படுப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அதனால் நான் முன்னால் போனேன். அவர் வெல்லத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கறக்கப் போகிறேன் என்று குறுக்குப் பாதையில் ஏறி வளைவுக்குப் போய்விட்டேன், லாரி வந்தால் கத்தலாம் என்று. அங்கே நிற்க இடம் எங்கே இருக்கிறது, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. தூறல் வேறு. கெபிக்குள் ஏறி நின்றுகொண்டேன், டார்ச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. நான் போர்த்தியிருந்த ருவானா ஆட்டுரோம வெள்ளை, பாவாடை காப்பிக் கலர், கார்மேல் மாதாவுக்கும் அதே உடுப்புதான், அதை நான் யோசிக்கவே இல்லை மகளே, சாமி சத்தியமாக யோசிக்கவில்லை. மேலேயிருந்து விளக்கு வந்தது, பிரேக் கத்தியது, பிறகு இரண்டு தரம் ஹாரன். மலை முழுக்கக் கேட்டது. கீழே உன் அப்பாவின் செயின் சத்தம் நின்றது. லாரி அகலமாக அவர் பக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் செயின் மறுபடி கேட்டது. நான் டார்ச்சை அணைத்துக் குந்திக்கொண்டேன், அவர் மூச்சிரைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். வீட்டுக்கு வந்து, "பயலுகளுக்குப் புத்தி வந்துருச்சு, காலி கெபிக்கும் அடிக்கிறானுக" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் முட்டைப் பால் சூப்பைக் கலக்கிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். எழுந்திருக்க என்ன வழி என்று நீ அவரைக் கேட்டாய், என்னைக் கேட்டிருக்க வேண்டும். பயம் போதும், அலாரம் வேண்டாம். ஆனால் ஒன்றை மறைக்கப் போய் இன்னொன்று வளர்ந்துவிட்டது. எஃப்ராயின் டயர்க் கடையில் போய், மாதாவைப் பனியில் பார்த்தேன், கையைத் தூக்கி என்னை ஆசீர்வதித்தாள் என்று அழுதிருக்கிறான். நான் டார்ச்சில் விழுந்த தண்ணீரைத் துடைத்தேன், அவ்வளவுதான். இப்போது ஊர் முழுக்க அதே பேச்சு. ஒருத்தி பார்த்தாளாம், ரோஜா வாசனை வந்ததாம். இந்த ஞாயிறு விடியற்காலை மூன்று சுரங்கத்து லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வளைவில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றி ராக்கெட் விடப் போகிறார்களாம், பெண்கள் கீழேயிருந்து பிள்ளைகளோடு ஏறி வரப் போகிறார்களாம். நிலக்கரிச் சுமையோடு, அந்தச் சரிவில், அந்தப் பனியில். முன்னால் நிற்கிற லாரியைப் பின்னால் வருகிறவன் எப்படிப் பார்ப்பான். உன் அப்பாவும், "ஞாயித்துக்கெழமை நானும் சைக்கிள நிறுத்தி அங்க ஒரு கும்பிடு போட்டுட்டுதான் வருவேன்" என்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வருகிறது. சொன்னால் ஞாயிறு தப்பும், திங்கட்கிழமை ஹாரன் நின்றுவிடும், அவர் திங்கட்கிழமையும் ஏறுவார். துன்ஹாவிலிருந்து வேறு செய்தி வந்திருக்கிறது, பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது சுரூபத்தின் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டதாம், திருவிழாவுக்குத் தரமுடியாதாம். அதைக் கேட்ட இரவு எனக்குக் கண்ணே மூடவில்லை.

முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் ஏறி, வளைவையும் தாண்டி மேலே போய், நேர்ச்சாலையில் சிவப்புத் துணியோடும் டார்ச்சோடும் நிற்பேன். முதல் லாரியை அங்கேயே நிறுத்தி, எஃப்ராயின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன், நீ பார்த்தது என்னைத்தான், ஹாரனை எனக்காக அடி, மலை ஏறுகிறவர்களுக்காக அடி என்று. கடையில் வைத்துச் சொன்னால் முன்போலச் சிரித்துவிடுவார்கள், ரோட்டில் நின்று சொன்னால்தான் கேட்பார்கள். அவன் பிரேக் பிடித்தால் சரி. அதற்கு எனக்கு உன் உதவி வேண்டும். உன் அப்பா அன்று வீட்டைவிட்டு இறங்கக் கூடாது. நான் சொன்னால் கேட்கமாட்டார், காரணம் தெரிந்தால் எனக்கு முன்னால் அவர் போய் நடுரோட்டில் நிற்பார். அவரை நிறுத்த ஒரே வழிதான் உண்டு, அவரைக் காத்திருக்க வைக்க வேண்டும். சனிக்கிழமை போன் செய்து, "அப்பா, நாளைக்கு நான் முதல் தடவ சைக்கிள் எடுக்கப்போறேன், பயமா இருக்கு, நீங்க போன்லயே கூட இருங்க, நான் கூப்பிடறவரைக்கும் எங்கயும் போயிராதீங்க" என்று சொல். எங்களுக்கு இருட்டாக இருக்கும்போது உனக்கு மத்தியானம், வெயிலில் ஓட்ட வேண்டியிருக்கும், தொப்பி போட்டுக்கொள். காத்திருக்கிற ஒருத்தியை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். சிக்ஸ்தோவிடமும் சொல்லிவிட்டேன், அன்று போன் அடிக்கமாட்டார். பொய்க்குச் சொல்லாதே, நிஜமாகவே அந்தச் சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து வெளியே எடு. மெதுவாக ஓட்டு, அவரிடம் பேசிக்கொண்டே இரு, கடல் எப்படி இருக்கிறது, ரோடு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லு, அவருக்குப் பிடிக்கும்.

மாதா உன்னைத் தன் உத்தரியத்துக்குள் வைத்துக் காப்பாள், என் ஆசீர்வாதமும் அப்பா ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு, இரவில் தலைக்குக் குளிக்காதே, நீ வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிற அந்தப் பாட்டியம்மாவிடம் கோபப்படாதே. ஞாயிறு அப்பா என்னைக் கேட்டால் மாடு கறக்கப் போயிருக்கிறாள் என்று சொல். கீழே வந்ததும் நானே உன்னைக் கூப்பிடுவேன். மறக்காதே, உனக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவின பிறகும் நான் கூப்பிடவில்லை என்றால், சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, அம்மா எங்கே நிற்கிறாள் என்று அவரிடம் நீயே பதறாமல் சொல்லிவிடு.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
ஒப்துலியா