நடுக்கம் வேண்டுவோர்

அனலைதீவு
12.02.1974

அன்புள்ள தம்பி ஏரம்புவுக்கு,

உன் சுகத்தையும் உன் ஆராய்ச்சியின் சுகத்தையும் அறிய ஆவல். இங்கே ஐயாவின் கை நடுக்கம் தலைக்கும் ஏறிவிட்டது. வராத ஆட்களைக் கண்டு கதிரை போடச் சொல்கிறார். கோயிலை நடத்தும் தம்பிஐயா வந்து பார்த்தார். "பிள்ளை, இது நோய் வருத்தமில்லை. வைரவர் உரு வந்திருக்கு" என்று முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஐயாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயிலில் இருத்துகிறார்கள். வாயால் வடியும் வீணீரைச் சனம் தீர்த்தமென்று தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறது. நான் வேலிக்கரையில் சத்தியெடுத்துவிட்டு வந்து ஐயாவைக் குளிப்பாட்டுகிறேன்.

நீ நடுக்கத்தையே படிக்கிறவன். இதற்கு மருந்து உண்டா?

அன்புள்ள அக்கா,
பரிமளம்

இலண்டன்
03.03.1974

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு கவலையடைந்தேன். மறைப்பானேன், ஆர்வமும் உண்டாயிற்று. இது பார்க்கின்சன் நோய். மூளையில் டோப்பமீன் என்ற பொருள் குறைவதால் வருவது. இல்லாதவரைக் காண்பதும் புத்தி மங்குவதும் அதனோடு ஏன் சேர்ந்து வருகின்றன என்பதே எங்கள் ஆராய்ச்சி. லெவோடோப்பா மாத்திரை அனுப்புகிறேன். கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஆட்கள் அதிகம் தெரிந்தால் குறையுங்கள். ஐயா யார் யாரைக் காண்கிறார் என்று விவரமாக எழுதுங்கள். அது மிகவும் பெறுமதியானது.

ஐயாவுக்கு மகனின் வணக்கம்.

தம்பி ஏரம்பு

அனலைதீவு
20.06.1974

அன்புள்ள தம்பிக்கு,

உன் கைக்குப் பொன்வளையல் போடவேண்டும். ஐயா நேற்றுத் தானே சோறு குழைத்துச் சாப்பிட்டார். "பிள்ளை, குழம்புக்கு உப்புக் காணாது" என்றார். என் சமையலைக் குறை சொல்ல நெடுநாள் ஆளில்லாமல் இருந்தது. குசினிக்குள் போய் அழுதேன். இப்போதும் சிலவேளை யாரோ வந்து நிற்பதாகச் சொல்கிறார். கதிரை மட்டும் கேட்பதில்லை.

தம்பிஐயாவுக்குத்தான் துக்கம். ஆவணியில் கோயிலில் வைரவர் மடைத் திருவிழா வருகிறது. நடுங்காத ஐயாவை வைத்து என்ன செய்வது? "மடை முடியுமட்டும் மருந்தை நிப்பாட்டு பிள்ளை. சாமியைக் குளிசை குடுத்துத் துரத்திறாய்" என்றார்.

"ஏன், உங்கட கையை ஆட்டிக் காட்டுங்கோவன்" என்றேன். இப்போது அவர் என் முகம் பார்ப்பதில்லை.

மாத்திரை முடிகிறது. அனுப்பு.

அக்கா பரிமளம்

இலண்டன்
10.07.1974

அன்புள்ள அக்காவுக்கு,

மகிழ்ச்சி. மாத்திரைப் பொதி அனுப்பியிருக்கிறேன். எங்கள் பேராசிரியர் ஐயாவைப் பற்றி மிகவும் ஆவலாயிருக்கிறார். ஆவணியில் என் நண்பர் ஒருவர் படக்கருவியோடு அங்கே வருவார். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஐயா எப்படியென்று காட்டவேண்டும். ஆகவே அவர் வருவதற்கு இரண்டு வாரம் முன்னரே மாத்திரையை நிறுத்திவிடுங்கள். நோய் நன்றாகத் தெரியவேண்டும். ஐயாவின் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டு மறைப்போம். மானப் பிரச்சினை இல்லை. மகாநாட்டில் இந்தப் படம் காட்டினால் என் பதவி உறுதி. மறுத்தால் அடுத்த பொதிக்குப் பேராசிரியர் ஒப்பமிடமாட்டார் என்பதையும் யோசியுங்கள்.

ஏரம்பு

அனலைதீவு
02.08.1974

ஏரம்புவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே, மருந்தை நிப்பாட்டச் சொல்லித் தம்பிஐயாவும் திரும்ப வந்தார். நீ இலண்டனில் படித்தாய். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றார். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். அவருக்கு வீணீர் வடியவேண்டும், உனக்கு அது படத்தில் தெரியவேண்டும். அவராவது ஐயாவின் கண்ணைக் கட்டுவதில்லை.

கடல் கொந்தளித்து உன் பொதி பிந்தியபோது மூன்று நாள் மாத்திரை இல்லை. ஐயா மரம்போலக் கிடந்தார். தண்ணீர் விழுங்கவும் ஏலவில்லை. அதை இரண்டு வாரம் செய்யச் சொல்கிறாய்.

நாளை ஐயாவை லாஞ்சில் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகிறோம். இந்த மருந்து எழுதுகிற டொக்டர் ஒருவர் அங்கே இருக்கிறாராம். மருந்து கிடைக்கும்வரை அங்கேயே தங்குவோம். உன் நண்பர் வந்தால் தம்பிஐயா வீட்டில் இறங்கட்டும். இருவருக்கும் கதைக்க நிறைய இருக்கும்.

உன் கடிதத்தை ஐயாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். கண் சிமிட்டாமல் கேட்டுவிட்டு, "ஏரம்புவோ? ஆர் பிள்ளை அது?" என்றார்.

புத்தி மங்கிக் கேட்டாரா, தெளிந்து கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஆராய்ந்துகொள்.

பரிமளம்