மணல் வீட்டுப் புழு

என்னங்க,

போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கட்டாருக்குக் கடிதம்.

இன்று நம் கௌசியின் ஓடைக்குப் போனேன். தெளிந்த தண்ணீரில் ட்ரவுட் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து அசையாமல் நின்றன. கல்லைப் புரட்டினேன். மணலை ஒட்டி ஒட்டித் தன்னைச் சுற்றி வீடு கட்டிக்கொள்ளும் அந்தப் புழு இருந்தது. அவள் கொப்பியில் வரைந்ததைப் போலவே இருந்தது.

அதற்குச் சிறகு முளைப்பதைப் பார்க்கத்தான் அன்று காலையில் கிளம்பினாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஓடையில தண்ணி ஏறும்டி. வீட்டுலயே இரு. கொழுந்து எடுத்துட்டு வந்து நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அதுக்குள்ள பறந்து போயிரும்மா" என்று கெஞ்சினாள். திட்டினேன். கொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் தேயிலை மலைக்கு வேலைக்குப் போன பிறகு, பத்து மணிக்கு மண் சரிந்து நம் லயத்து வீடுகளை மூடியது.

ஓடைப் பக்கம் ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. அதை இன்றுதான் பார்த்தேன்.

அன்று பிள்ளை ஏன் வீட்டில் இருந்தாள் என்று இந்த ஐந்து மாதமாக நீங்கள் கேட்கவேயில்லை. நானே எழுதிவிட்டேன். திட்டுவதற்காகவாவது ஒருமுறை நீங்களாக எனக்குப் போன் எடுங்கள்.

அவளுடைய அம்மா