பன்னிரண்டு வோல்ட் வெளிச்சம்

வியாழன், இரவு

செல்லையா அண்ணாச்சியின் பழைய காரின் மின் இணைப்பை இன்று குர்லா பட்டறையில் ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றி முடித்தேன். பேட்டரி, டைனமோ, காயில், பல்பு எல்லாம் புதிது. விளக்கு மங்கல், அதனால்தான் பொழுது சாய்ந்தால் வண்டி எடுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இருட்டத் தொடங்கியதும் அவரே ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். செம்பூர் சாலை முழுக்கப் பால் கொட்டியது போல வெளிச்சம். அப்படியும் ஸ்பீட் பிரேக்கர் தெரியாமல் ஏறிக் குதித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்த முடியாதா தம்பி? ஒண்ணும் சரியா தெரிய மாட்டேங்கு."

எட்டி முன்னால் சாலையைப் பார்த்தேன். "லைட்டு நல்லாத்தான் எரியுது அண்ணாச்சி."

வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு. என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே வா."

மழை ஈரத்தில் மின்னும் தார், வடாபாவ் விற்கும் தள்ளுவண்டியிலிருந்து எழும் ஆவி, ஒரே குடைக்குள் இரண்டு பெண்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"குடை என்ன கலரு?"

"மஞ்சள், அண்ணாச்சி."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் வீடு வந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. நானும் நிறுத்தாமல் அடுத்த தெருவுக்குத் திருப்பினேன்.