ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு

வெள்ளிக்கிழமை, இரவு.

என் கணவர் இறந்ததும் நான் கார் பட்டறையை மூடப்போவதாகக் கொழுந்தன் ஆரப்பாளையம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். மூடவில்லை. வெளிநாட்டுப் பாகங்களை வரவழைத்துப் பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார் அடுத்த வாரம் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும். இன்று குனிந்து பார்த்தால், என்னைக் கேட்காமலே கொழுந்தன் அடியில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வைத்திருக்கிறார்.

“இம்புட்டு லேசா இருந்தா எவன் மதினி நம்புவான்? தகர டப்பாம்பான்.”

“லேசா இருக்குன்னுதான், தம்பி, வெளிநாட்டுக்காரன் வாங்குறான். வெட்டி எடுங்க.”

“அண்ணன் இருந்தா இப்படிப் பேசுவீங்களா?”

“அவர் இருந்தா நீங்க வண்டியையே தொட்டிருக்க மாட்டீங்க.”

பக்கத்தில் நின்ற வெல்டர் சிரித்துவிட்டார். தகடு இறங்கியது. ஆனால் கொழுந்தனும் பங்குதாரர். ஏற்றுமதித் தாள்களில் அவர் கையெழுத்தில்லாமல் வண்டி நகராது. போடாமலே போய்விட்டார். கெஞ்சமாட்டேன். காலையில் இதை மட்டும் எழுதி அனுப்புவேன்: கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? பதிலை எழுத்தில் தாருங்கள்.