நாலு முழத் துர்பீன்

பழவேற்காடு,
பங்குனி மாதம் இருபத்து நாலாம் தேதி.

கொழும்புக் கோட்டையில் கறுவாப்பட்டைக் கிடங்கில் வேலை பார்க்கும் என் மகன் ஆதிநாராயணனுக்கு உன் நைனா கங்காதரன் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், கடலும் ஏரியும் சோறு போடுகின்றன, நீ அங்கே காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆவல். இதை எழுதித் தருபவர் சாலமன் உபதேசியார். நான் கோபமாகச் சொல்வதை அவர் பாதியாகக் குறைத்துத்தான் எழுதுவார், நீ படிக்கும்போது இரண்டு பங்காக்கிப் படித்துக்கொள்.

கோபம் உன்மேல்தான். தை மாதம் கோட்டை வெள்ளைக்காரர்களான உலாந்தாக்காரர் கப்பலுக்குச் சரக்கு ஏற்றப் போன இடத்தில் சின்னக் கப்பித்தான் தூரத்தைக் கிட்டக் காட்டும் தன் துர்பீனை என் கையில் கொடுத்து அந்தியில் மேற்கு வானத்து வெள்ளியைப் பார்க்கச் சொன்னதும், வெள்ளி வட்டமாக இல்லாமல் அரை நிலா மாதிரி இருந்ததும் உனக்கு முன்பே எழுதியிருந்தேன். இது இன்னும் தேய்ந்து பிறையாகும், பங்குனி நடுவில் சூரியனோடு போய்விடும் என்று அவன் துபாஷி வழியாகச் சொன்னான். குப்பத்தில் வந்து சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. எதிர்வீட்டுச் சுப்பன், கள்ளு தலைக்கேறினா எல்லாமே பாதியாத்தான் தெரியும் மாமானு எல்லார் எதிரிலும் சொல்லிச் சிரித்தான். உன் அம்மா சிரிக்கவில்லை, ஆனால் ஒரு வார்த்தை எனக்காகப் பேசவும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் எனக்கே ஒரு துர்பீன் வாங்க வேண்டும், எப்படிப்பட்டது வாங்கலாம் என்று உன்னைக் கேட்டேன். நீயும் ஏதோ தெரிந்தவன் போல, இருப்பதிலேயே நீளமானதை வாங்குங்கள், நீளம் கூடினால் தூரம் கூடும் என்று எழுதினாய்.

மாசிக் கடைசியில் கோட்டையில் இறந்துபோன ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டார்கள். இரண்டு துர்பீன் இருந்தது. ஒன்று பித்தளை, அடுக்கடுக்காக இழுத்தால் நாலு முழம். இன்னொன்று தோல் சுற்றிய மரக்குழல், ஒரு முழம்கூட இல்லை, ஆனால் முன் கண்ணாடி எலுமிச்சம்பழ அகலம். நீளமானதை மதில்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன், தூரத்துக் கப்பலில் கொடியின் தையல் தெரிந்தது. வேறென்ன வேண்டும் என்று புது வலைக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டேன். குட்டையானதைக் கருவாட்டு வியாபாரி பொன்னியம்மாள் வாங்கினாள், முகத்துவாரத்தில் யார் படகு முதலில் நுழைகிறது என்று பார்த்து முந்திக்கொண்டு விலை பேச.

வீட்டுக்கு வந்தல்லவா தெரிந்தது. வானத்தைப் பார்க்க மதில் எங்கே இருக்கிறது? கையில் பிடித்தால் நடுவில் தொய்கிறது, மூச்சு விட்டால் ஆடுகிறது. ஊசிக்காது அளவு வானம்தான் அதில் தெரியும், அந்தத் துளிக்குள் வெள்ளியைக் கொண்டுவருவதற்குள் கழுத்து இறுகிப்போகும், வந்தாலும் எண்ணெயில் போட்ட கடுகு மாதிரித் துள்ளி ஓடிவிடும். துடுப்புகளைக் கவைபோலக் கட்டிப் பார்த்தேன், காற்றில் அதுவும் சேர்ந்து ஆடியது. பன்னிரண்டு அந்தி இப்படியே போனது. ஏரிக்கரைக்குப் பார்க்க வந்தவர்கள் ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து, ஒன்றும் காணோமே என்று போனார்கள். சுப்பன் எனக்கு நாலு முழம் என்று பெயரே வைத்துவிட்டான். வெள்ளியோ தினம் தினம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவே பொன்னியம்மாள் வந்து, இன்னாண்ணே இது, படகு தெரியுது, யார் படகுன்னு தெரியலியேனு புலம்பினாள். அவள் கிடங்கில் குழலைச் சாய்க்கக் கல் ஜன்னல் இருக்கிறது, என்னுடையது அவளுக்கும் அவளுடையது எனக்கும் பொருந்தும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லையடா. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் ஏமாந்தேன் என்று நானே ஊருக்குச் சொன்னது போல. ஆறு நாள் அப்படியே விட்டேன். கடைசியில் நான் கடலுக்குப் போன நேரம் பார்த்து உன் அம்மா காசியம்மாள் அந்தப் பித்தளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இன்னாத்துக்கு என்னைக் கேக்கலைனு கத்தினேன். நீ பன்னெண்டு நாளா அதோட மல்லுக்கட்டினது போதும், இன்னிக்கு விட்டா வெள்ளி போயிடும்னு சொன்னாள்.

அன்று அந்தி ஏரிக்கு அக்கரையில் புழுதி மப்பு. மப்புக்கு ஒரு விரல்கடை மேலே வெள்ளி நின்றது. குட்டைக்குழல் கையிலேயே அடங்கியது. மாற்றி வந்தவள் ஆயிற்றே என்று முதலில் அவளிடம் கொடுத்தேன். அவள் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐய, நகத்தைக் கிள்ளிப் போட்டாப்ல கீதுனு சொன்னாள். கொடு கொடு என்றேன், இருய்யானு என் கையைத் தட்டிவிட்டாள். அவள் கொடுக்கும்போது வெள்ளி மப்புக்குள் இறங்கிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வரவில்லை. என் துர்பீனில் பிறையை நான் பார்க்கவே இல்லை. இப்போது குப்பம் முழுக்க வெள்ளி தேயும் என்று நம்புகிறது, காசியம்மாள் சொன்னாளாம். சுப்பன் வந்து, அத்தே, தப்பா பேசிட்டேன்னு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீயும் ஒன்று வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நீளத்தைப் பார்க்காதே. சுவரில் சாயாமல் நடுத்திடலில் நின்று கையில் பிடித்துப் பார், ஒரு நட்சத்திரத்தைப் பார், புள்ளியாக நிற்கிறதா துடைப்பம் போல விரிகிறதா என்று பார். பெரிதாகக் காட்டுவதைவிட அசையாமல் காட்டுவது பெரிது. முதலில் மூன்று காலில் ஒரு நல்ல தாங்கி செய்துகொள், பிறகு குழலுக்குப் போ.

கப்பித்தான் சொன்ன கணக்குப்படி இன்னும் பத்து நாளில் வெள்ளி கிழக்கே கடல்மேல் விடியலில் எழுமாம், அப்போதும் பிறையாகவே இருக்குமாம். அது நான் வலையோடு கடலில் இருக்கும் நேரம். உன் அம்மாவிடம் சொன்னேன், நீ வலையைப் பாரு, நான் வெள்ளியைப் பாக்குறேன்னு சொல்லிவிட்டாள்.

நீ தீர்க்காயுசாக, கை நிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியுமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறோம். மழையில் நனையாதே, உடம்புக்கு முடியாவிட்டால் மறைக்காமல் எழுது. பதிலை அம்மா பெயருக்கே போடு. என் பெயருக்கு வந்தால் அதில் இருப்பதை இங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் நைனா கங்காதரன்