இருபத்தெட்டில் நின்ற பால்

அன்புள்ள அக்காவுக்கு,

பால் நிலையத்தில் உங்கள் பாலை அளந்த அளவுக்காரி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சோதனைக்குத் தவறாமல் போகிறீர்களா?

என் சங்கதி உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். எனக்கும் புற்றுநோய்தான். உங்களுக்குக் கருப்பையில் வந்தது, எனக்கு இடது மார்பில். எடுத்துவிட்டார்கள். ஆறு தடவை மருந்து ஏற்றி, இருபத்தைந்து நாள் கதிர் வைத்து, போன மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலையில் ஒரு முடி இல்லை. தொழுவத்துக்குப் போனேன், மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. "யாரோ வேத்தாளுன்னு நினைக்குது, கொஞ்சம் குரல் குடு" என்றார் வீட்டுக்காரர். நான் அதட்டின பிறகுதான் கிட்டே விட்டது. வாயில் எதைப் போட்டாலும் ஆணியைச் சப்புவது போல இருக்கிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எனக்கு வந்துதான் தெரிந்தது.

ஊரில் யாரும் என்னை ஒதுக்கவில்லை, அக்கா. பக்கத்து வீட்டு அண்ணி தினமும் வந்து குளிப்பாட்டிவிடுகிறாள். இடது கையைத் தூக்க முடியாததால் ரவிக்கை மாட்டிவிடுவதும் அவள்தான். எங்கள் மாட்டுப் பால் நிலையத்துக்குப் போகிறது. வாங்க மாட்டோம் என்று யாராவது சொல்வார்கள் என்று முதல் நாள் வாசலிலேயே காத்திருந்தேன். வீட்டுக்காரர் காலிப் பாத்திரத்தோடு திரும்பி வந்தார். என் இடத்தில் இப்போது அளக்கிற பெண் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்து, எழுதி, ஊற்றிக்கொண்டாளாம். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க எனக்கு உங்கள் நினைப்புதான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் முதுகு தேய்த்துக்கொண்டே அண்ணி சொன்னாள்: "உன் பாலை யாரு வேணாம்பா? நீ என்ன அந்த ஒத்தைமாட்டுக்காரி மாதிரி தண்ணி ஊத்துறவளா?" உங்களைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தும் நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். முன்பு ஒரு தடவை உங்களுக்குத் துரோகம் செய்தேன். அன்றைக்கு இரண்டாவது தடவை செய்தேன்.

அக்கா, நீங்கள் தண்ணீர் கலக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் பால் மூன்று நாளும், நல்ல பால் நிற்கிற மாதிரி, இருபத்தெட்டில் நின்றது. மேலே சுண்டு விரலை வைத்து நான்தான் பால்மானியை அழுத்தினேன். ஆடாமல் பிடிக்கிற மாதிரி பிடித்து, தண்ணீர் கலந்த பால் காட்டுகிற இருபத்திரண்டுக்கு இறக்கினேன்.

நீங்கள் சிகிச்சை முடிந்து வந்த வாரம் பால் ஊற்றுகிறவர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்து, "அந்தம்மா கறந்ததை எங்க பாலோட கலந்தா நாங்க ஊத்த மாட்டோம்" என்றார்கள். இந்த நோய் தொட்டால் ஒட்டாது, பாலில் வராது என்று நர்சம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். அதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய் சொல்வானேன், எனக்கும் பயம். உங்கள் பாத்திரத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். உங்கள் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லவும் துணிச்சல் இல்லை. மூன்று நாள் பால் தேறாவிட்டால் நீக்கலாம் என்று நிலையத்தில் ஒரு விதி இருந்தது. அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

நீங்கள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. முதல் நாள் குனிந்து பார்த்துவிட்டு, மாட்டுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்றீர்கள். இரண்டாம் நாள், "தவிடு கூட்டி வச்சேன் தங்கச்சி, இன்னிக்கு நல்லா நிக்கும் பாரு" என்றீர்கள். மூன்றாம் நாள் எல்லார் முன்னாலும் காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போய்க் கறந்து வந்தீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் மகன் லீவில் வந்து கூட நின்றார். இருபத்திரண்டைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல ஏம்மா என் மானத்தை வாங்குற?" என்று கேட்டார். நீங்கள் "நான் கலக்கலடா" என்றீர்கள். ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள். அடுத்த வாரம் மாட்டை விற்று உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக் கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று இதையெல்லாம் சொன்னேன். நம்பவில்லை. "மருந்துச் சூடு தலைக்கு ஏறியிருக்கு, யாராவது வீட்டுல கொண்டு விடுங்க" என்றார் செயலாளர். எல்லார் முகத்திலும் பரிதாபம். அதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்துவிட்டது. பால்மானியைக் கொண்டுவரச் சொல்லி, செயலாளர் வீட்டுப் பாலையே ஊற்றச் சொன்னேன். இருபத்தொன்பதில் நின்றது. மேலே விரலை வைத்தேன். மருந்தில் நகம் கறுத்து, விரல் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் இறங்கியது. இருபத்திரண்டு. அவரே குனிந்து படித்தார்.

அதற்குப் பிறகு யாரும் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. நிலையத்துப் பலகையில் கலப்படம் என்ற தலைப்பின் கீழே இத்தனை நாளாக இருந்த உங்கள் பேரை அழித்துவிட்டார்கள். என்னிடம் வந்து பேசின அந்த இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள், வாயைத் திறக்கவில்லை. எனக்கு இனி அங்கே வேலை இல்லை. அது சரிதான். அண்ணி நாலு நாளாக வரவில்லை. வீட்டுக்காரர்தான் குளிப்பாட்டுகிறார், கண்ணுக்குள் சோப்பைப் போட்டுவிடுகிறார். நேற்று, "இத்தனை வருஷம் என்கிட்டகூட சொல்லலையே" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஊர் நம்பியது உங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது. வீட்டில் நம்பியதுதான் வலித்திருக்கும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை மன்னிக்க வேண்டாம், பதில் எழுத வேண்டாம். இந்தத் தாளை உங்கள் மகன் கையில் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இதற்குக் கீழே இருப்பதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, நீங்கள் கண்ணால் பார்த்ததை நம்பினீர்கள். உங்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. உங்கள் அம்மா ஒரு நாளும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் உண்மை பேசினது அவர் ஒருவர்தான். படித்து முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே இருங்கள்.

இருவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் தங்கச்சி என்று கூப்பிட்டவள்